மடை விராலுக்கு ஒரு பித்தளைத் தகடு

விரால் பிடிக்க இப்போது ரப்பர் தவளை விற்கிறார்கள். வயிற்றுக்கடியில் இரண்டு முள், பின்னால் பாவாடை மாதிரி நூல் குஞ்சம், பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று நிறங்கள். என் தம்பி மகன் அதைக் கைப்பேசியில் பார்த்து வரவழைக்கிறான். கூடவே மடக்குகிற தூண்டில் கம்பு, நூல் சுற்றும் சுருள், பின்னல் நூல். போன வாரம் பெட்டியைப் பிரித்துக் காட்டினான். நான் தவளையை வாங்கி, நூல் கட்டும் வளையத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை சுற்றித் தடவினேன். எதற்கு அத்தை என்றான். பழக்கம் என்று சொல்லிவிட்டேன்.

அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லலாம். நீங்கள் என் வயதுக்காரர்கள். பால் பவுடர் டின்னில் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பைச் சுற்றி வைத்து, கரையில் நின்று கையாலேயே வீசி மீன் பிடித்த காலம் உங்களுக்கும் தெரியும். டின்னின் வாயைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிப் பிடித்தால் நரம்பு வளையம் வளையமாக உருவிக்கொண்டு ஓடும். திரும்பச் சுற்றும்போது முன்னால் கட்டிய தகடு நீருக்குள் புரண்டு புரண்டு வரும். விரால் அதை இரை என்று மட்டும் நினைத்துக் கடிப்பதில்லை என்பார் அப்பா. தன் இடத்துக்குள் இன்னொன்று மினுக்கிக்கொண்டு வருவதை அதனால் பொறுக்க முடியாதாம்.

எனக்குப் பதினோரு வயது. அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. சிறுமலைப் பக்கமிருந்து வந்த தண்ணீரில் ஊருக்கு வெளியே இருந்த குளங்கள் எல்லாம் நிரம்பின. தை பிறந்து தண்ணீர் வற்ற ஆரம்பித்தபோது அத்தை மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வத்தலக்குண்டிலிருந்து அவளுடைய அப்பா லாரியிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். ஒரு தகரப்பெட்டி, ஒரு பள்ளிக்கூடப் பை. அத்தைக்குக் காய்ச்சல், சரியாகும்வரை இங்கேதான் இருப்பாள் என்று அம்மா எங்களிடம் சொன்னார். அவள் என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். ஒல்லி. பேச்சு குறைவு, ஆனால் பேசினால் குத்தும்.

வந்த அன்றே அம்மா அவளுக்குத் தனி டம்ளர் கொடுத்தார். புதிய எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தது. தட்டும் தனி, பாயும் தனி. நானும் தம்பியும் எந்த டம்ளர் கைக்கு வருகிறதோ அதில்தான் குடிப்போம். எங்கள் வீட்டில் யாருக்கும் சொந்தமாக டம்ளர் கிடையாது. அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் அவள் இல்லாத நேரம் அதில் தண்ணீர் குடித்தேன். அம்மா பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். அவளுடைய பொருளை நான் தொட்டதற்காக அடித்தார் என்று நினைத்துக்கொண்டேன். அத்தைக்கு வந்திருந்தது சாதாரணக் காய்ச்சல் இல்லை, ஒட்டிக்கொள்ளும் நெஞ்சு நோயான டி.பி. என்றும், அம்மா பயந்தது எனக்காக என்றும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது. அந்தப் பயத்தைத்தான் நான் செல்லம் என்று எண்ணியிருந்தேன்.

அப்பா ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். நம் ஊர்ப் பூட்டில் சாவி ஓட்டையை மூட ஒரு பித்தளைத் தகடு தொங்கும். விரலால் தள்ளினால் விலகும், விட்டால் தானாக வந்து மூடிக்கொள்ளும். சரக்கு வைக்கும் கிட்டங்கிகளின் பெரிய பூட்டுக்குப் போடும் தகடு கட்டைவிரல் நீளம் இருக்கும். மேலே குறுகி, கீழே அகன்று, நீர்த்துளி போன்ற வடிவம். மேல்முனையில் ஆணி அடிக்க ஒரு துளை. கோணலாக வெட்டுப்பட்டதால் பூட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய தகடுகளை அப்பா கேட்டு வாங்கி வருவார். அவற்றில் கீழ்முனையிலும் ஒரு துளை போட்டு, குழி வெட்டிய மரக்கட்டையில் வைத்து லேசாகத் தட்டினால் தகடு கரண்டி போல வளையும். கீழ்த் துளையில் வளையம் கோத்து மூன்று முள்ளைத் தொங்கவிடுவார். அதுதான் எங்கள் வீட்டு விரால் தகடு. கடையில் அது கிடைக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் என்னுடைய நேரம். பழைய செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் பரப்புவேன். நரம்பை ஈரத்துணியில் பிடித்து முழுநீளமும் உருவ வேண்டும். எங்காவது சொரசொரப்பு தட்டினால் உதட்டில் வைத்து மறுபடி பார்த்து, அந்த இடத்தோடு வெட்டிவிட வேண்டும். முள்ளின் கூர்முனையை நகத்தின் மேல் வைத்து லேசாக இழுக்க வேண்டும். வழுக்கினால் மழுங்கிய முள், நகத்தில் கவ்வினால் நல்ல முள். நாற்பதாம் எண் நரம்பு விராலுக்கு, இருபத்தைந்து கெண்டைக்கு. தண்ணீர் கலங்கியிருந்தால் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிய பளபளப்பான தகடு, தெளிந்திருந்தால் கறுத்துப்போன பழைய தகடு. இதெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்பா செய்ததைப் பார்த்துச் செய்தேன். ஒரு கட்டத்தில் அவர் செய்வதையே விட்டுவிட்டு என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு எந்தத் தகடுத்தா?"

நான் ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். அவர் மறுபேச்சு பேசியதில்லை.

இதில் முக்கியமான வேலை பிசிறு எடுப்பது. தகட்டில் துளை போட்டால் ஒருபுறம் வழவழவென்று இருக்கும், மறுபுறம் ஓட்டையைச் சுற்றி மெல்லிய விளிம்பு எழும்பி நிற்கும். பூட்டில் அது ஆணித் தலைக்குக் கீழே மறைந்துவிடுவதால் பட்டறையில் யாரும் கண்டுகொள்வதில்லை. தூண்டில் தகட்டில் அந்தத் துளைக்குள்தான் நரம்பைக் கட்டுகிறோம். பிசிறு இருந்தால் வீச வீச நரம்பை அறுக்கும். எலிவால் அரத்தால் இரண்டு புறமும் தேய்த்து, நகத்தால் சுற்றித் தடவி, எங்கும் தட்டவில்லை என்றால்தான் தகடு தயார். என் கைவேலையில் தட்டியதே இல்லை. அப்பா பட்டறையிலும் இதைச் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில் இருப்பேன். அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் அத்தை மகள் உட்கார்ந்து போவாள்.

என்னை ஏன் அழைத்துப் போகவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய வருடம் ஒருமுறை அப்பாவோடு போயிருந்தேன். ஒரு கெளுத்தியின் தொண்டையிலிருந்து அவர் முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது நான் வாந்தி எடுத்தேன். மீனைப் பார்த்து அல்ல. போகிற வழியில் டீக்கடையில் வாங்கித் தந்த பருப்பு வடை ஊசிப்போயிருந்தது. அப்பா அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "இவளுக்கு ஒத்துக்கல" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று. பொம்பளப்பிள்ளை குளக்கரையில் நிற்பதை அவர் விரும்பவில்லை. அதோடு அந்த விஷயம் முடிந்தது. வீட்டில் உட்கார்ந்து தகடு தேய்ப்பது எனக்குப் பிடித்தமான வேலை என்று அப்பா தானாகவே முடிவு செய்துகொண்டார். கேட்டால் அழைத்துப் போயிருப்பாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. அவர் கூப்பிட வேண்டும் என்று இருந்தேன். அத்தை மகள் கேட்கவே இல்லை, வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் அவளைக் கூப்பிட்டார்.

மொத்தம் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போனார்கள். நான் எண்ணி வைத்திருந்தேன்.

பதினோரு மணிக்குத் திரும்பி வருவார்கள். அவள்மேல் பாசி வாசம் அடிக்கும். பாவாடையின் ஓரமெல்லாம் நாயுருவி ஒட்டியிருக்கும். மூன்றாவது வாரத்தில் அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் குறுக்காக ஒரு கோடு விழுந்திருந்தது. நரம்பு உருவி ஓடும்போது அறுத்த கோடு. அப்பாவின் விரலிலும் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு பழைய கோடு உண்டு. என் விரலில் அரத்தூள் மட்டும்தான் இருந்தது. அன்று குளியலறையில் நரம்பை விரலில் சுற்றி நானே இழுத்துப் பார்த்தேன். வலித்தது. கோடு விழவில்லை.

மீன் பிடித்தவருக்கே நடுத்துண்டு என்பது எங்கள் வீட்டு வழக்கம். அது அதுவரை அப்பாவின் தட்டுக்குத்தான் போயிருந்தது. நாலாவது வாரம் அவள் ஒரு கிலோ எடையில் ஒரு விரால் பிடித்தாள். அம்மா முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு, அவளுடைய தனித் தட்டில் நடுத்துண்டைப் போட்டார். அவள் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துச் சாப்பிட்டாள். எனக்கு வால்.

"தகடு நான் தேச்சது" என்று சொன்னேன்.

"ஆமா" என்றாள் அவள். "நீ தேய்க்கிற ஆளு. நான் வீசுற ஆளு."

அப்பா சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை என்பதை இப்போது எழுதும்போது சொல்ல முடிகிறது. அன்று அந்தச் சிரிப்பைத்தான் நாள்பூராவும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாசி மாதத்தில் அவளுடைய அப்பா ஒருமுறை லாரியை நிறுத்திவிட்டு வந்தார். கால்மணி நேரம் இருந்தார். அம்மா எப்படி இருக்கு என்று அவள் கேட்டதற்கு, வீட்டில்தான் இருக்கு, தேறிக்கிட்டு வருது என்றார். அவள் அவர் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள், பிறகு எதுவும் கேட்கவில்லை. அவர் போன பிறகு அவள் அப்பாவிடம், அதாவது என் அப்பாவிடம், அம்மாவைப் பார்க்கக் கூட்டிப் போகச் சொன்னாள். இன்னைக்கு, நாளைக்கு என்று அவர் தள்ளிக்கொண்டே வந்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்.

அந்தக் குளத்தின் மடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விரால் இருந்தது. குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவரின் காவல்காரர் சொல்லித்தான் தெரியும். வலையில் இரண்டு முறை மாட்டிக் கிழித்துக்கொண்டு போனதாம். அப்பாவும் அவளும் இரண்டு வாரம் அது மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள்.

"அந்த மடை விராலப் பிடிச்சிரு. அதையும் தூக்கிட்டு ரெண்டு பேரும் பஸ் ஏறி ஒங்கம்மாவப் பாக்கப் போவோம்" என்றார் அப்பா.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் காதில் விழுந்தது "ரெண்டு பேரும்" என்பது மட்டும். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் அவளும் இறங்கி, புரோட்டா சாப்பிட்டு, மீனை ஓலைக்கொட்டானில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவளுக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்தது. அதைவிட அந்தப் பஸ் பயணம் பெரிதாகத் தெரிந்தது.

அந்த வாரம் அவள் மாறிப்போனாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முற்றத்தில் வெறும் டின்னையும் ஒரு கூழாங்கல்லையும் வைத்து வீசிப் பழகினாள். வேப்பமரத்தடியில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் விழ வைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் முதல்முறையாக என் எதிரில் வந்து உட்கார்ந்து, நான் வேலை செய்வதைப் பார்த்தாள்.

"பெருசுக்குப் பெரிய தகடு வேணும்ல" என்றாள். "நல்லாப் பாத்து எடு. ஒனக்குத்தான் தெரியும்."

மாசிக் கடைசி, தண்ணீர் குழம்பியிருந்தது. பளபளப்பான பெரிய தகடு வேண்டும். அப்பா அன்று மத்தியானம் துளை போட்டுக் கொண்டுவந்திருந்த புதுத் தகட்டை எடுத்தேன். புளி போட்டுத் துலக்கினேன். முகம் தெரிந்தது. கீழ்த் துளையைத் தேய்த்தேன். மேல் துளையை நகத்தால் தடவினேன். பின்பக்கம் பிசிறு இருந்தது. மெல்லியது, ஒரு அரைவட்டத்துக்கு. அரத்தைக் கையில் எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் துளைக்குள் விட்டு இரண்டு முறை சும்மா ஆட்டினேன், உலோகத்தில் படாமல். எடுத்து ஊதினேன். நாற்பதாம் எண் நரம்பைக் கோத்து, இறுக்கமாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். முடிச்சு நல்ல முடிச்சு. அதில் குறை வைக்கவில்லை.

அடுத்த நாள் நடந்ததை நான் பார்க்கவில்லை. அப்பா அம்மாவிடம் சொன்னதை அடுக்களை வாசலில் நின்று கேட்டேன்.

"மடைக்கிட்ட ஏழெட்டு வீச்சு போட்டிருப்பா. அடிச்ச அடியில டின்னு கைய விட்டுப் போகப் பாத்துச்சு. விடல அவ. டின்ன வயித்துல அமுக்கிக்கிட்டு செத்த நேரம் இழுத்தா பாரு. நான் வாங்குறேன்னேன், குடுக்கல. கரைக்கு ரெண்டு முழம் இருக்கும். தலையப் பாத்தேன், எங்கைத் தண்டி. பட்டுன்னு அந்துருச்சு."

அவள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. டின்னிலிருந்து நரம்பின் நுனி தொங்கியது. முடிச்சு அவிழ்ந்திருந்தால் நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருக்கும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அந்த நுனி சுருளவில்லை. ஒருபக்கம் வெளுத்து, சீவினாற்போல இருந்தது. அப்பா அதைக் கையில் எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தார். நாள் முழுக்கப் பித்தளையோடு இருப்பவர். பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டும்.

"பிசிறு அறுத்த மாதிரி இருக்கு" என்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "நம்ம பாப்பா தேச்சதுல பிசிறு இருக்காது. மடைக் கல்லுல ஒரசியிருக்கும்."

அத்தை மகள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அப்பாவிடம், "இருக்கும் மாமா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டபோது வயிற்றுவலி என்று சொல்லிப் பாயில் படுத்துக்கொண்டாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். முன்கம்பி காலியாக இருந்தது. நான் போய் நின்றேன்.

"நான் வரவாப்பா?"

"ஒனக்குத்தான் ஒத்துக்காதே."

"ஒத்துக்கும்."

ஏற இறங்கப் பார்த்தார். ஏறிக்கோ என்றார்.

குளத்தைப் பற்றி இரண்டு மாதமாகக் கேட்ட எதுவும் அங்கே அப்படி இல்லை. நான் நினைத்ததைவிடச் சிறியது. தண்ணீர் இறங்கிக் கரையோரம் சேறு வெடித்திருந்தது. ஒரு பாதியில் ஆகாயத்தாமரை. எதிர்க்கரையில் யாரோ எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மடை என்பது இரண்டு கல்தூணும் ஒரு பலகையும்தான். எந்தத் தகடு, எந்த நரம்பு, எந்த முள் என்று எல்லாம் தெரிந்த எனக்கு வீசத் தெரியவில்லை. முதல் வீச்சு என் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது கருவேலமரத்தில் மாட்டியது. அப்பா ஏறி எடுத்துக் கொடுத்தார். அவர் சிரிக்கவில்லை. அவள் சொதப்பியிருந்தால் சிரித்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

வெயில் ஏறியதும் கரையில் உட்கார்ந்தோம். அவர் மடைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு என்னிடம் பேசுவது போலவும் தனக்குத்தானே பேசுவது போலவும் சொன்னார்.

"ஒங்கத்த வத்தலக்குண்டுல இல்ல. மதுரப் பக்கம் ஆஸ்பத்திரில இருக்கு. பிள்ளைகள உள்ள விட மாட்டாங்க. அவகிட்ட எப்படிச் சொல்றது? அதான் பேச்சுல மீன இழுத்துவிட்டேன். பெரிய பெரிய வலையவே கிழிச்சுட்டுப் போனது, இந்தப் புள்ள டின்னுக்கா மாட்டப்போகுதுன்னு நெனச்சேன். மாட்டிருச்சேத்தா. கரைக்கு வந்துருச்சு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு, இனி என்ன சொல்லப்போறோம்னு." கையிலிருந்த புல்லைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். "அந்து போனதும் ஒருவகையில நல்லதாப் போச்சு. அவகிட்டச் சொல்லிராத."

என் குற்றம் அந்த இடத்தில் அவருக்கு உதவியாக மாறிப்போயிருந்தது. பிசிறை நான்தான் விட்டேன் என்று அப்போது சொல்லியிருந்தால்கூட அவர் கோபித்திருக்க மாட்டார். சொல்லவில்லை. எனக்கு வந்தது நிம்மதியும் இல்லை. அவளுக்காக அப்பா இவ்வளவு யோசித்து, ஒரு மீனைச் சாக்காக வைத்து, ஒரு பொய்யைக் கட்டி, அது உடைந்துவிடுமோ என்று நடுங்கியிருக்கிறார். எனக்காக அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று நினைத்தேன். பதினோரு வயதில் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானமே, சொல்லாதே என்று அவர் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் கிணற்றடியில் தன் தட்டையும் டம்ளரையும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த விரால் மாட்டியிருந்தாலும் அப்பா ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டாரு. அத்தை ஊர்லயே இல்ல. ஆஸ்பத்திரில இருக்காங்க."

அவள் நிமிரவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"எங்கப்பா வந்தாருல்ல, அன்னைக்கு. சட்டையெல்லாம் ஆஸ்பத்திரி வாசம்."

"அப்புறம் எதுக்கு மீனு மீனுன்னு அம்புட்டுப் பாடுபட்ட?"

டம்ளருக்குள் கையை விட்டுத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். "பிடிச்சுட்டா, பொய்யின்னாலும் கூட்டிட்டுப் போயித்தான ஆகணும். வாசல்ல நின்னாவது பாத்திருப்பேன்" என்றாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "பிசிறு விட்டது நீதான்னும் தெரியும். மாமாகிட்டச் சொல்ல மாட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"ஒன் வேலைன்னா அவருக்கு அம்புட்டு நம்பிக்கை. சொன்னா தாங்க மாட்டாரு."

நான் அவருடைய மகள். அவர் தாங்க மாட்டார் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு மாதம் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து போனவளுக்குத் தெரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியதை அப்படியே சொல்கிறேன்: இதையும் இவள் எடுத்துக்கொண்டாள் என்று தோன்றியது.

பங்குனி முழுக்க ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையில் வேலை இருந்ததால் அப்பா குளத்துக்குப் போகவில்லை. சித்திரையில் அத்தை வந்தார். மெலிந்து, முடி வெட்டி, வேறு யாரோ போல வாசலில் நின்றார். அத்தை மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. கிட்டே போய், கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அன்று மாலையே இருவரும் பஸ் ஏறினார்கள். அவர்களை ஏற்றிவிட அப்பா போனார். திரும்பி வந்து வெகுநேரம் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

அத்தை மகள் இப்போதும் வத்தலக்குண்டில்தான் இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். பொங்கலுக்குப் பேசிக்கொள்வோம். சர்க்கரை எவ்வளவு, முழங்கால் எப்படி என்று விசாரிப்போம். அந்த மாசி மாதம் எங்கள் பேச்சில் வந்ததில்லை. அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது இரண்டு முறை அவளுடைய பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. வாரேன் மாமா என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அவள் ஊருக்குப் போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வழக்கம்போல எழுந்தார். டின்னை எடுத்துப் பையில் போட்டார். முதல்நாள் நான் தேய்த்து வைத்திருந்த தகடுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டார். நான் முகம் கழுவி, தலை சீவி, நாயுருவி ஒட்டினால் பரவாயில்லை என்று பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு உள்கதவுக்குப் பின்னால் நின்றேன். இனி யாரும் இல்லை, கூப்பிடுவார் என்று நின்றேன். போன முறை நானாகக் கேட்டு வந்தவள்தானே, வர விருப்பமிருந்தால் இன்றும் கேட்பாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வாசலில் சைக்கிளைச் செத்த நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் நிற்கவில்லை. சைக்கிள் தெரு முனையில் திரும்புகிறவரை நான் கதவுக்குப் பின்னாலேயே இருந்தேன்.